நல்லூர் அரசமரபும் நமது கடனும்

சைவ வித்தியாசாலைகளிலே பிள்ளைகளுக்குக் கல்வியும் சமயமும் புகட்டும் ஆசிரியப் பெருந்தகைகளே!

எல்லா உயிர்க்கும் அம்மையப்பராய் நின்று அருள்புரியும் சிவபெருமானுடைய திருவடிகளைச் சிந்தித்து, ஒருபால் வாவியும் ஒருபால் கடலும் சூழ்ந்த கல்லடியிலிருந்து உங்களோடு சில வார்த்தை பேசப் புகுகின்றோம். பேசப் புகுந்தமைக்குக் காரணம் ஒரு சிறுவன் கேட்ட வினா.

நம்மவருள் ஓர் உபாத்தியாயர் தம் வகுப்பிலே நல்லூரின் சரித்திரத்தைக் கூறிக்கொண்டிருந்தார். அரசர் பெயர்களையும் ஆண்டுகளையும் அடைவே சொல்லி, 1621ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் கந்தசுவாமி கோயிலை இடித்தனர் என்று பாடத்தை முடித்தார். அப்பொழுது கடைசி வாங்கில் இருந்த சிறுவன் ஒருவன் எழுந்து, "ஐயா, கோயிலை இடிக்கும்போது கையில் வேல் வைத்திருந்த சாமி ஏன் ஒன்றும் செய்யவில்லை?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் அடங்கிவிட்டது. உபாத்தியாயர், "இது சரித்திர பாடம், அதைச் சமய பாடத்திலே கேள்" என்று சொல்லி அவனை இருத்திவிட்டார். சமய பாட வேளை வந்தபோது சிறுவன் அதனை மறுபடியும் கேட்டிலன். அவன் கேட்ட நாளினும் கேளாது விட்ட நாளே தம்மை மிக வருத்திற்று என்று அவ்வுபாத்தியாயர் நம்மிடம் கூறினார்.

அன்பர்களே, அவ்வினாவைக் குறும்பென்று தள்ளுதல் தகாது. அதனுள்ளே இரண்டு வினாக்கள் அடங்கிக் கிடக்கின்றன. ஓர் அரசமரபு ஒரு நகரத்துக்கு யாது செய்தது, அம்மரபு அழிந்தபோது அந்நகரத்தில் எஞ்சியது யாது என்பது ஒன்று. எஞ்சிய அதனிடத்தே இறைவன் திருவருள் எவ்வாறு விளங்குகின்றது என்பது மற்றொன்று. முன்னதற்கு விடை காணாதவர் பின்னதற்கு விடை கூறமாட்டார். ஆதலால் முதற்கண் நல்லூரை நோக்குவோம்.

யாழ்ப்பாணத்தை ஆண்ட அரசர் ஆரியச்சக்கரவர்த்திகள் எனப்படுவர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே தலையெடுத்து, இடையிற் சில ஆண்டுகள் நீங்கலாக, 1619 வரையும் வடபுலத்தைப் பரிபாலித்த மரபு இது. செகராசசேகரன், பரராசசேகரன் என்னும் இரண்டு பட்டப்பெயர்களை இவர்கள் ஒருவர்பின் ஒருவராக மாறிமாறிச் சூடினார்கள். இவர்களுடைய காசுகளிலே சிவபெருமானுடைய ஊர்தியாகிய இடபமும், 'சேது' என்னும் தமிழ்ச்சொல்லும் பொறிக்கப்பட்டிருந்தன. இராமேச்சரத்துச் சேதுவைக் காத்தலைத் தமது பெருமையாகக் கொண்டமையால் சேதுகாவலர் என்றும் பெயர் பெற்றனர். சந்தையிலே நெல்லும் உப்பும் கொள்ளச் சென்ற ஏழையின் கையிலும் அவ்விடபம் இருந்தது. அரசருடைய சமயம் இன்னதென்பதைக் குடிகள் அறிவதற்குப் பறையறைய வேண்டியிருந்ததில்லை.

இவர்களுடைய பெருந்தன்மைக்கு ஓர் அயல்நாட்டார் சான்று பகர்கின்றார். மொரோக்கோ தேசத்து முஸ்லிம் யாத்திரிகராகிய இபுன் பத்தூத்தா என்பவர் 1344ஆம் ஆண்டிலே கப்பல் திசைமாறி இலங்கையின் மேல்கரையை அடைந்தார். புத்தளத்தை அடுத்த துறையிலே ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டார். அவ்வரசர் பாரசீக மொழியை அறிந்தவர். விருந்தினரை உபசரித்து முத்துக்களைக் காட்டி, "வேண்டியது யாது?" என்று வினாவ, யாத்திரிகர் பாதமலையைத் தரிசித்தலன்றி வேறொன்றும் வேண்டேன் என்றார். அரசர் அவருக்குப் பல்லக்கு அளித்து, யோகியர் நால்வரையும் பிராமணர் மூவரையும் பரிவாரத்தார் பதின்மரையும் உணவுப்பொருள் சுமப்போர் பதினைவரையும் உடன் அனுப்பினார். சைவ வேந்தர் ஒருவர் முஸ்லிம் ஒருவருடைய யாத்திரைக்கு யோகியரைத் துணைவிட்ட இச்செய்தியை, தமிழரும் முஸ்லிம்களும் அயலயலே வாழும் நமது மட்டக்களப்பு நாட்டுப் பிள்ளைகள் அவசியம் அறிதல் வேண்டும்.

இனி, இவர்கள் இராசதானியாகக் கொண்ட நல்லூரின் அமைப்பைக் காண்போம். அரண்மனையும் கந்தசுவாமி கோயிலும் அந்நகரின் இருதயமாக விளங்கின. கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், வடக்கே சட்டநாதர், மேற்கே வீரமாகாளி அம்மன், தெற்கே கைலாயத்தின் பெயர் தாங்கிய கோயில் என நாற்றிசையிலும் காவற்கோயில்கள் அமைந்தன. பகரவடிவாய் வெட்டப்பட்ட யமுனா ஏரி இன்றும் அங்குள்ளது. சங்கிலியன் தோப்பு, பண்டாரக்குளம், முத்திரைச்சந்தி என்னும் இடப்பெயர்கள் இன்றும் மக்கள் நாவில் வழங்குகின்றன. ஒருவன் அந்நகரத்தை விட்டு எத்திசையிற் புறப்பட்டாலும் ஒரு கோயில் வாயிலைக் கடந்தே செல்வான். எத்திசையிலிருந்து வந்தாலும் ஒரு கோயிலைக் கும்பிட்டே நுழைவான். கோயிலை நடுவிலும் எல்லையிலும் நிறுத்தி, இடையிலே குடிகளை இருத்தியது அவ்வரசமரபு. நகரமைப்பே அந்நாளிற் சமயபாடமாக இருந்தது.

கல்லும் மதிலும் மாத்திரமே அவர்கள் செய்தவை என்று நினைத்தலாகாது. அவர்களுடைய அவையிலே தமிழ் வளர்ந்தது. செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்களும், செகராசசேகரமாலை என்னும் சோதிட நூலும் அவ்வரசர் பட்டப்பெயர்களையே பெயராகக் கொண்டு எழுந்தன. அரச குடும்பத்தவராகிய அரசகேசரி என்பவர் காளிதாசருடைய இரகுவமிசத்தைத் தமிழ்க் காவியமாகச் செய்தார். நீர்வேலியிலே அவர் பெயரால் வழங்கும் பிள்ளையார் கோயில் இன்றும் உள்ளது. வைத்தியன் நோயாளியின் நாடியைப் பிடிக்கும்போதும், சோதிடன் முகூர்த்தம் குறிக்கும்போதும் அரசன் பெயர் தாங்கிய ஏடு அவன் கையில் இருந்தது. அரசு நூற்றாண்டுகளுக்கு முன்னே அழிந்தும், அவ்வேடுகள் நாட்டு வைத்தியர் வீடுகளிலே பரம்பரையாகப் படியெடுக்கப்பட்டு வந்தன. இதனை ஈண்டு நினைவிலிருத்திக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டப்படும்.

இடையிலே ஓர் இடையீடு நேர்ந்தது. 1450ஆம் ஆண்டிலே கோட்டை அரசனாகிய ஆறாம் பராக்கிரமபாகுவின் பொருட்டுச் செண்பகப்பெருமாள் என்னும் சேனாபதி படையோடு வந்து நல்லூரை வென்றார். ஏறக்குறையப் பதினேழு ஆண்டுகள் அவர் யாழ்ப்பாணத்தை ஆண்டு, பின்னர்த் தெற்கே சென்று புவனேகபாகு என்னும் பெயரோடு கோட்டைச் சிம்மாசனம் ஏறினார். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைக் கட்டியவர் புவனேகவாகு என்பது பழைய வரலாறு. அப்புவனேகவாகு முந்திய ஆரியச்சக்கரவர்த்தி ஒருவருடைய மந்திரி என்பார் ஒருசாரார். செண்பகப்பெருமாளே என்பார் மற்றொரு சாரார். எவ்வாறாயினும், அக்கோயிற் கட்டியத்திலே சிறீசங்கபோதி புவனேகவாகு என்னும் பெயர் இன்றும் எடுத்துச் சொல்லப்படுகின்றது. கோயிற்றொண்டு செய்தவர் எந்நாட்டவர், எம்மொழியினர் என்று கட்டியம் வினாவுவதில்லை. சரித்திரம் கற்பிக்கும் நமக்கு அதுவும் ஒரு பாடமாகும்.

ஆசிரியர்களே, நாம் இதுகாறும் புகழ்ந்தே பேசினோம். புகழ்ச்சி மாத்திரம் பேசும் சரித்திரம் பிள்ளைகளுக்கு நன்மை பயவாது. இம்மரபினர் செய்த பிழைகளும் உள. மன்னாரிலே கிறித்து சமயத்தைத் தழுவிய மக்களை 1544ஆம் ஆண்டிலே சங்கிலி மன்னன் கொல்வித்தான். அறுநூறு பேர் வரையில் மாண்டனர் என்பர். போர்த்துக்கேயர் சமயத்தோடு அரசையும் கொண்டுவருகின்றனர் என்னும் அச்சமே அதற்குக் காரணம் என்று கூறுவாருளர். அச்சம் உண்மையாயினும் ஆகுக. படைக்கலம் இல்லாதாரைக் கொல்லுதல் சைவநெறிக்கு ஒவ்வாது. விருந்தினராய் வந்த பிறசமயத்தவருக்குப் பல்லக்குக் கொடுத்த மரபே குடிகளாய் இருந்த பிறசமயத்தவருக்கு வாள் கொடுத்தது என்பதை மறைத்தல் வேண்டா. அரசுரிமைக் கலகங்களும் அம்மரபை உள்ளிருந்து அரித்தன. 1617ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த கலகத்திலே அரச குடும்பத்தாரே அரச குடும்பத்தாரைக் கொன்றனர். வெளிப்பகைவர் நுழைதற்கு உட்பகையே கதவைத் திறந்து வைத்தது.

போர்த்துக்கேயர் 1560இல் ஒருமுறை நல்லூரைப் பிடித்து, நிலைபெறமாட்டாது நீங்கி, மன்னாரைத் தமதாக்கினர். 1591இல் அந்திரே பூர்த்தாடோ என்பவன் படையெடுத்து வந்தான்; அரசன் கொலையுண்டான்; அவர்கள் விருப்பத்துக்கு இணங்கிய எதிர்மன்னசிங்கன் முடிசூட்டப்பட்டான். 1619இல் பிலிப்பு தெ ஒலிவேரா என்பவன் யாழ்ப்பாணத்தை முற்றாகக் கைப்பற்றினான். கடைசியாக ஆண்ட சங்கிலிகுமாரன் சிறைப்பட்டுக் கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே கொல்லப்பட்டான். 1621இல் கந்தசுவாமி கோயில் தரைமட்டமாக்கப்பட்டது. ஆட்சிபீடமும் நல்லூரைவிட்டுக் கடலோரத்து யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாறிற்று. அரசனும் இல்லை, கோயிலும் இல்லை, இராசதானியும் இல்லை. இவ்விடத்திலேதான் நம் உபாத்தியாயர் பாடத்தை முடித்தார். இவ்விடத்திலேதான் சிறுவன் எழுந்து நின்றான்.

அவனுக்கு விடை கூறுமுன், நமக்கு அணித்தாயுள்ள வேறொரு நகரத்தை ஒருமுறை பார்த்து வருவோம். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குச் செல்லும் புகைவண்டி பொலநறுவை வழியே செல்கின்றது. நல்லூருக்கு முன்னே, நல்லூரை ஆண்டோரினும் வலிமை வாய்ந்த சைவ அரசமரபொன்று அந்நகரத்தை உருவாக்கியது. 993ஆம் ஆண்டளவில் முதலாம் இராசராச சோழனுடைய படை இலங்கைக்கு வந்தது. 1017இல் இராசேந்திர சோழன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைசெய்து தீவு முழுவதையும் தன் ஆணைக்குட்படுத்தினான். அநுராதபுரத்தை விடுத்துப் பொலநறுவையைத் தலைநகராக்கிச் சனநாதமங்கலம் என்று பெயரிட்டவர் சோழரே. அங்கே வானவன்மாதேவி ஈச்சரம் என்று சோழ அரசி ஒருவருடைய பெயரால் முழுதும் கருங்கல்லினால் ஒரு சிவாலயம் எழுந்தது. அதிராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு அதிலே உள்ளது. 1070இல் முதலாம் விசயபாகு சோழரை நீக்கினான். அவனும் அவன் பின்வந்தோரும் சோழர் வகுத்த அந்நகரத்தையே தலைநகராகக் கொண்டனர்.

அவ்வாலயத்தை எவரும் இடிக்கவில்லை. ஆயிரம் ஆண்டளவாகியும் அதன் விமானம் நிற்கின்றது. கருவறையிலே இலிங்கத் திருமேனியும் இருக்கின்றது. ஆயினும் சோழர் விதித்த நித்திய பூசை எங்கே? ஓதுவாரும் நந்தவனம் காப்போரும் எங்கே? சோழராட்சி நீங்கிய பின்னும் சைவர் அங்கே சில தலைமுறை வாழ்ந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நகரமே கைவிடப்பட்டது, குடிகள் பெயர்ந்தனர், காடு மூடியது. 1907, 1908ஆம் ஆண்டுகளிலே தொல்பொருட் பகுதியார் அகழ்ந்தபோது நடராசப் பெருமானும், சுந்தரமூர்த்தி நாயனார், மாணிக்கவாசகர் முதலிய குரவரும் செப்புத் திருமேனிகளாய் மண்ணிலிருந்து வெளிப்பட்டனர். அத்திருமேனிகள் கொழும்பு நூதனசாலைக்குச் சென்றன. இன்று வழிப்போக்கர் சிலர் அக்கோயிலில் மலர் தூவி வணங்கிச் செல்கின்றனர். கல் நிலைத்தது, கல்லைச் சூழ்ந்து நின்று, தம் பிள்ளைகளுக்கு அவ்வழிபாட்டைக் கையளிக்கும் மக்கள் நிலைத்திலர்.

மீண்டும் நல்லூருக்கு வருவோம். அங்கே நிகழ்ந்தது இதற்கு மறுதலை. கல் ஒன்றின்மேல் ஒன்று நில்லாமல் வீழ்ந்தது, மக்கள் நிலைத்தனர். போர்த்துக்கேயர் காலத்திலும், 1658இல் அவர்களை வென்று வந்த ஒல்லாந்தர் காலத்திலும் வெளிப்படையாகச் சைவம் அனுட்டித்தல் அரிதாயிற்று. பெயர்ப்பதிவுக்கும் உத்தியோகத்துக்கும் நிலவுரிமைக்கும் ஞானஸ்நானம் வேண்டப்பட்டது. மக்கள் வெளியே ஒன்றும் வீட்டினுள்ளே ஒன்றுமாய் வாழ்ந்தனர். விரதநாளிலே வாழையிலையில் உண்டு, அவ்விலையை வேலியோரம் எறிந்தால் அதிகாரிகள் காண்பரென்று அஞ்சிக் கூரையிலே செருகி மறைத்தனர் என்பது வழிவழி வந்த செய்தி. திருநெல்வேலி என்னும் ஊரிலிருந்த ஞானப்பிரகாசர், அதிகாரியின் உணவுக்குப் பசுவைக் கொடுக்க மனமொருப்படாது, இரவோடிரவாக ஊரைவிட்டு நீங்கி, வடதேசம் சென்று கற்று, துறவு பூண்டு, சிதம்பரத்தில் வாழ்ந்து, சிவஞானபோதத்துக்கு வடமொழியில் விருத்தி செய்தார் என்பர். சிதம்பரத்திலே அவர் பெயரால் ஒரு திருக்குளம் உளது.

அரண்மனைப் புலவரில்லாத அக்காலத்தும் திண்ணைப் பள்ளிக்கூடத்திலே சட்டம்பியார் மணலில் எழுத்தெழுதுவித்தார். ஏடுகள் படியெடுக்கப்பட்டன. முன்னே நினைவிலிருத்தச் சொன்ன வைத்திய ஏடும் அவற்றுள் ஒன்று. தாய்மார் தாலாட்டிலே முருகன் பெயரைப் பாடினர். ஒல்லாந்தர் கடுமை சிறிது தளர்ந்த காலத்திலே, 1734ஆம் ஆண்டளவில், இரகுநாத மாப்பாண முதலியார் என்பவர் குருக்கள் வளவு என்னும் இடத்திலே கந்தசுவாமி கோயிலை மீளவும் தாபித்தார். பழைய கோயில் இருந்த முத்திரைச்சந்தியிலே இன்று கிறித்தவ தேவாலயம் இருக்கின்றது. இடம் மாறிற்று, கட்டடம் புதிது, வழிபாடு பழையது. இன்று அக்கோயிலின் ஆவணித் திருவிழா இருபத்தைந்து நாள் நடைபெறுகின்றது.

அன்பர்களே, இப்பொழுது அச்சிறுவனுக்கு விடை கூறலாம். சைவசித்தாந்தம் இறைவனுக்கு ஐந்தொழில் கூறும். படைத்தல், காத்தல், அழித்தல் என்னும் மூன்றையும் பிள்ளைகள் எளிதிற் சொல்லிவிடுவர். நான்காவதாகிய மறைத்தலுக்கு வரும்போது நாமே அதனை விரைந்து கடந்துவிடுகின்றோம். மறைத்தலும் அருளே என்பது நமது நூற்றுணிபு. உயிர் தன் வினையை நுகர்ந்து பக்குவப்படும்வரையும் இறைவன் தன்னை வெளிப்படுத்தாது உடன் நிற்கின்றான். நடை பழகும் குழந்தையின் கையை விட்டுவிட்டுத் தாய் இரண்டடி பின்னே நிற்கின்றாள். குழந்தை விழுகின்றது, அழுகின்றது, தாய் என்னைக் கைவிட்டாள் என்று எண்ணுகின்றது. அவள் அவ்விடத்தைவிட்டு அகன்றிலள்.

1621 முதல் நூற்றாண்டுக்கு மேலாக நல்லூரிலே கோயில் இல்லை. ஆயினும் கூரையிற் செருகிய வாழையிலையைச் செருகிய கை யாருடையது? அக்கையை விடாது நின்ற அன்பு யார் கொடுத்தது? வேல் என்பது ஞானசத்தி என்று நாம் கற்பிக்கின்றோம். ஞானசத்தி பகைவன் தலையை அறுக்கும் இரும்பாயிருப்பின் அது படைக்கலங்களுள் ஒன்றாகவே முடியும். மறவாமை என்னும் அறிவாக அது குடிகள் நெஞ்சிலே நின்றது. சாமி ஒன்றும் செய்யவில்லையா என்று பிள்ளை கேட்டால், "கோயிலைத் திரும்பக் கட்டும் மனத்தை அழியாமல் வைத்திருந்தார்" என்று நாம் சொல்லலாம். திருவுள்ளத்தை அளந்தறிந்தோம் என்று நாம் கூறுகின்றிலேம். நடந்ததைப் பார்த்து இவ்வளவே துணிகின்றோம்.

அம்மனம் தானாக வளர்வதன்று. அதனை வளர்ப்பவர் வேண்டும். 1621இலே இடிந்த அந்நல்லூரிலே, 1822இலே, ஆறுமுகநாவலர் அவதரித்தார். அவர் கையில் அரசு இருந்ததில்லை; படையும் இருந்ததில்லை. 1848இலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். அச்சியந்திரம் நிறுவினார். பாலபாடமும் சைவ வினாவிடையும் எழுதினார். முடியுடை வேந்தர் நாற்றிசையிலும் கோயில் நிறுத்திக் கற்பித்ததை, அவர் சிறு புத்தகங்களாலே கற்பித்தார். நல்லூரின் அரசமரபு 1619இலே அற்றது. நல்லூரின் ஆசிரியமரபு அறவில்லை.

அம்மரபு நமது கல்லடிக்கும் வந்தது. கீழ்கரையிலே நல்லூரைப்போல் ஓர் இராசதானி அமைந்ததில்லை. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரமும் திருக்கோவிற் சித்திரவேலாயுதர் கோயிலும் குடிகளாலும் வண்ணக்கர்களாலும் முறைவைத்துப் பேணப்பட்டன. அரசன் இல்லாத இடத்தும் திருவிழா எவ்வாறு தவறாது நடக்கும் என்பதை மட்டக்களப்பார்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. காரைதீவிலே 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகள் வண்ணார்பண்ணை வித்தியாசாலைப் பணியிலும் ஈடுபட்டு, பின் இங்கே கல்லடி உப்போடையிலே 1929இற் சிவானந்த வித்தியாலயத்தைத் தாபித்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதற் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். சிதம்பரத்தை அடுத்த திருவேட்களத்திலே ஒடுக்கப்பட்ட மக்கள் இருக்கும் சேரிக்குச் சென்று கற்பித்தார். 1947 சூன் மாதத்திலே யாழ்நூலை அரங்கேற்றி, சூலை மாதத்திலே சிவபதம் அடைந்தார். அவர் திருமேனி துயில்கொள்வது அரசர் பள்ளிப்படையில் அன்று. தாம் தாபித்த பாடசாலை வளவிலே. ஒவ்வொரு நாளும் மாணாக்கர் புத்தகம் சுமந்து அதனருகே நடக்கின்றனர்.

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை கல்லடியை அழித்ததை நாம் கண்டோம். திருச்செந்தூர் முருகன் ஆலயத்துக் கோபுரம் அடிமண் அரிபட்டுச் சாய்ந்தது. உயிர்களையும் வீடுகளையும் இழந்த மக்கள் கண்ணீரோடு அக்கோபுரத்தைப் பார்த்து நின்றனர். அன்றும் இதே வினா எழுந்தது. வினாவியோர் சிறுவர் மாத்திரமல்லர். பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த பெற்றோர். அவர்களுக்கு எவரும் அன்று சித்தாந்தம் பேசத் துணிந்திலர், பேசியிருத்தலும் தகாது. ஆயினும் அவ்வூரில் வழிபாடு நிற்கவில்லை. கோபுரம் சாய்ந்தும் கும்பிட்ட கை சாயவில்லை. நல்லூரிலே நாம் ஏட்டிற் படித்ததைக் கல்லடியிலே கண்ணாற் கண்டோம்.

ஆதலால், ஆசிரியப் பெருந்தகைகளே, நமது கடன் யாது? நான்கினைச் சொல்லி அமைகின்றோம்.

முதலாவது, பிள்ளைகளைத் தத்தம் ஊர்க்கோயிலுக்கு அழைத்துச் செல்லுங்கள். கும்பிடுவதோடு நில்லாது, அக்கோயிலை எக்குடியார் கட்டினர், குளம் எப்போது தோண்டப்பட்டது, எத்திருவிழா யாருடையது என்று முதியோரை வினவி எழுதச் செய்யுங்கள். அரசர் வரலாற்றைக் கல்வெட்டுக் காக்கும். குடிகள் வரலாற்றை நாம் எழுதாவிடில் எதுவும் காவாது.

இரண்டாவது, தேவார திருவாசகங்களைப் பரீட்சைக்காக மாத்திரம் ஒப்புவிக்கச் செய்யாதீர்கள். ஒரு பதிகமாயினும் பண்ணோடும் பொருளோடும் ஒவ்வொரு பிள்ளையும் தன் குரலிலே பாடப் பழகட்டும். நெஞ்சிலே பதிந்த பதிகத்தை எப்படையும் இடிக்கமாட்டாது.

மூன்றாவது, சரித்திரத்தை மெய்யாகக் கற்பியுங்கள். 1621ஐச் சொல்லுகின்ற வாய் 1544ஐயும் சொல்லுக. கோயில் கட்டிய நம்மவரே, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையும், பல கோயில்களிலே நம்மவருட் பலரை வாயிலுக்கு வெளியே நிறுத்தினர் என்பதையும் சொல்லுக. நானூறு ஆண்டுக்கு முன்வந்த சேனாபதியின் பழியை, இன்று ஒரே வாங்கில் அருகிருந்து படிக்கும் கிறித்தவப் பிள்ளையின் தலையிலே ஏற்றாதிருக்கச் செய்யுங்கள். பகையை ஊட்டிச் சமயத்தைக் காத்தவர் எவருமிலர்.

நான்காவது, வினாவும் பிள்ளையை இருத்திவிடாதீர்கள். விடை தெரியாதாயின், "அதனை நானும் தேடுகின்றேன், நாளை பேசுவோம்" என்று சொல்லுதலால் ஆசிரியர்க்குச் சிறுமை வாராது. வாயடைக்கப்பட்ட பிள்ளை கோயிலுக்கு வருவதை நிறுத்தான். கோயிலைப்பற்றி நினைப்பதை நிறுத்திவிடுவான். பொலநறுவையிற் குடிகள் பெயர்ந்தபின் காடு மூடியதுபோல, அவனுள்ளத்தையும் ஒருநாள் மறதி மூடும்.

நம்மிடம் வந்த உபாத்தியாயருக்கு இவற்றையே கூறி, "நாளை அப்பிள்ளையை அழைத்து, நீ கேட்டது நல்ல வினா என்று சொல்லும், மற்றவை பிறகு ஆகட்டும்" என்று அனுப்பினோம். உங்களிடமும் அதனையே வேண்டுகின்றோம். அரசர் போயினர், அவர் கட்டியவற்றுட் பலவும் போயின. நாளைக்கு விளக்கேற்றப் போகின்ற கைகள் இன்று உங்கள் வகுப்பிலே பென்சில் பிடித்திருக்கின்றன. அக்கைகளைப் பற்றி நடத்தும் வன்மையைச் சிவபெருமான் நம்மனைவர்க்கும் அருள்வாராக.

திருச்சிற்றம்பலம்.